எஸ் குடுத்துட்டேன்

கணினியின் பேச்சு நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு சதவீதம் என்று சொன்னது, அடுத்து நாற்பத்து என்று ஆரம்பித்தது, அவ்வளவுதான். நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஒலிக்கான பகுதியைக் கழற்றிப் புதியதை மாட்டுகிற கட்டம் வந்தால் இது கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு முன்னால் இயங்குதளத்தின் பதிப்பை மாற்றியபோதும் இப்படித்தான் மூடிக்கொண்டது, தெரிந்தேதான் காலையில் பத்து மணிக்கு என்டரைத் தட்டினேன். கண் இருக்கிறவர்களுக்குத் திரை இருக்கிறது, ஓடுகிற எழுத்தைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கலாம். எனக்குத் திரை என்பது லேசாகச் சூடாக இருக்கிற ஒரு தட்டு. கேபினட்டின் மேல் உள்ளங்கையை வைக்கிறேன். உள்ளே விசிறி ஓடுகிறது, வேகமாகத்தான் ஓடுகிறது, அப்படியென்றால் வேலை நடக்கிறது, அல்லது ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறது, இரண்டுக்கும் விசிறி ஒரே மாதிரிதான் ஓடும். மணி பத்து ஐம்பது. இரண்டு மணிக்கு இசக்கி இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து கடைசி செமஸ்டர் வரலாற்றுத் தேர்வை எழுத வேண்டும். சொல்லச் சொல்ல எழுதுகிற ஸ்கிரைப் இல்லாமல், தன் கையால், அடித்ததை இந்த இயந்திரம் வாசித்துக் காட்டக் கேட்டுக்கேட்டு. இந்தக் கல்லூரியில் பார்வையில்லாத ஒருத்தி அப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. அந்த அனுமதிக்கு இரண்டு வருடம் மனு மேல் மனுவாகப் போட்டேன். அனுமதியும், பார்வையில்லாத பிள்ளைகளுக்காக நான் பார்த்துக்கொள்கிற இந்த அறையில் இருக்கிற நாலு இயந்திரத்தில் இந்த ஒன்றுக்குத்தான், அடியில் ஒட்டியிருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்கள். இது பேசவில்லை என்றால் ஸ்கிரைப்தான்.

தேர்வு நாளன்று காலையில் எந்தப் பைத்தியமாவது இயங்குதளத்தை மாற்றுமா? மாற்றாது. நானும் பைத்தியம் இல்லை. பழைய பதிப்புக்குத் திருத்தங்கள் வருவது நின்றுபோய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும், செமஸ்டர் முடிந்ததும் நிதானமாக மாற்றலாம் என்று இருந்தேன். ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, திருத்தம் வராத பதிப்பில் தேர்வு எழுத அனுமதி கிடையாது, அப்சர்வர் நேரில் வந்து பதிப்பைப் பார்ப்பார் என்று. வந்தது எப்போது? பதினோரு நாளைக்கு முன்னால். எனக்குத் தெரிந்தது எப்போது? நேற்றுச் சாயந்திரம் நாலரை மணிக்கு, அதுவும் அட்டெண்டர் சுடலைமுத்து என் மேசையைத் துடைக்கும்போது, "மேடம், ஒங்க தட்டுல ஒரு லெட்டரு கெடக்கே, பாக்கலையா?" என்று கேட்டதால். பாக்கலையா! பதினோரு நாளாக அந்தத் தட்டில் நான் ஸ்டேப்ளரை எடுத்திருக்கிறேன், வைத்திருக்கிறேன், அந்தக் காகிதம் என் விரலில் பட்டும் இருக்கும். காகிதம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, அதில் பல்கலைக்கழகம் பேசுகிறதா பழைய பில்லா என்று விரலுக்கு எப்படித் தெரியும்? நூலகர் ஞானசிகாமணி சாரிடம் போய்க் கேட்டேன். அவருக்குக் குரலே மாறவில்லை. "இன்வர்டு ரிஜிஸ்டர்ல ஏத்தி, நம்பர் போட்டு, முறைப்படி உங்க தட்டுலதான மேடம் வச்சேன்" என்றார். முறைப்படி. ஒன்பது வருடமாகப் பக்கத்து அறையில் இருக்கிற மனுஷன், எனக்குக் கண் தெரியாது என்பது பேப்பரில் போடாத செய்தியா, வாயைத் திறந்து வேலம்மா மேடம் உங்களுக்கு ஒரு கடிதம் என்று நாலு வார்த்தை சொல்ல முறையில் இடம் இல்லை. நேற்றே ஆரம்பிக்கலாம் என்றால் ஐந்து மணிக்கு அறைச் சாவியை ஆபீசில் கொடுத்தாக வேண்டும், அதுவும் முறை. வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் எல்லாரையும் திட்டினேன்.

"மேடம், ஓடுது. வெள்ள வெள்ளயா எழுத்து ஓடிக்கிட்டே இருக்கு" என்கிறான் சுடலைமுத்து. அவனைத்தான் கண்ணாக உட்கார வைத்திருக்கிறேன். நல்ல மனுஷன், ஐம்பத்தாறு வயது, இங்கிலீஷில் எழுத்து எழுத்தாகப் படிப்பான், சேர்த்துப் படிக்க வராது. அது போதும், சேர்ப்பதை நான் சேர்த்துக்கொள்வேன். ஓடட்டும். கல்லூரி முதல்வருக்கு இதன் பெயர் ஓசி சிஸ்டம். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார், "அந்த ஓசி சிஸ்டத்த வச்சிக்கிட்டு ஏன் மேடம் கஷ்டப்படுறீங்க, காசு குடுத்து வாங்குனா கம்பெனிக்காரனே வந்து பாப்பான்ல?" காசு கொடுத்து வாங்கியதும் இங்கே ஆறு வருடம் இருந்தது. அது தமிழை வாசிக்காது. தமிழ் வந்தால் வெற்றுத் தாளைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போகும். தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் தங்கள் பாடத்தில் பக்க எண்களை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்து பார்க்கவில்லை. காசில்லாமல் கிடைக்கிற இந்த லினக்ஸை நான்தான் போட்டேன், கேட்டுக்கேட்டு, தட்டித்தட்டி, எத்தனை தடவை அழிந்து எத்தனை தடவை திரும்பப் போட்டேன். அதன் தமிழ்க் குரலை மட்டக்களப்பில் ஒரு மனிதர் தன் வேலை போக மிச்ச நேரத்தில் பராமரிக்கிறார், நேரில் பார்த்ததில்லை, சம்பளம் கிடையாது, மூன்று பிள்ளைகள், நான் ஒரு குறையை எழுதினால் பத்து நாளில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரிசெய்து அனுப்புவார். போன வருடம் அவருக்கு முடியாமல் போனபோது நானே நாலு மாதம் பார்த்துக்கொண்டேன். அந்த நாலு மாதமும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ யாராவது அப்டேட் கொடுத்தால் நான் திருத்தியது அவர்கள் வீட்டில் போய் இறங்கியிருக்கும். இது இங்கே யாருக்கும் தெரியாது, சொன்னாலும் ஓசிதானே என்பார்கள். ஓசியாம். ஒருத்தர் உயிரைக் கொடுத்துச் செய்வதை வாங்குகிறவர் காசு கொடுக்கவில்லை என்பதற்காக அது ஓசியா?

"மேடம் நின்னுட்டு. என்னமோ கேக்கு." அவன் படிக்கிறான், ஒய், ஐ, கமா, அப்புறம் என், ஓ. வந்துவிட்டது. இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பதிப்பு மாறும்போது இது இப்படிக் கேட்கும், இந்த அமைப்புக் கோப்பை நீயே திருத்தி வைத்திருக்கிறாய், உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, நான் கொண்டுவந்திருக்கும் புதியதைப் போட்டுவிடவா என்று. எவ்வளவு மரியாதையான கேள்வி. இந்தக் கட்டடத்தில் என்னிடம் அப்படிக் கேட்கிற ஜீவன் இது ஒன்றுதான். எஸ் என்றால் புதியது, நோ என்றால் என்னுடையது. நான் எப்போதும் நோ. இயந்திரம் விழித்ததும் பேச ஆரம்பி, தமிழில் ஆரம்பி, இந்த வேகத்தில், இந்த ஒலிபெருக்கியில் என்று நான் கோப்பு கோப்பாக எழுதி வைத்திருப்பதெல்லாம் அந்த ஒரு நோவில்தான் பிழைத்துக் கிடக்கிறது. கேட்டது எந்தக் கோப்பு என்று எழுத்தெழுத்தாகக் கேட்டுக்கொண்டு நோ கொடுத்தேன். விசிறி மறுபடி வேகமெடுத்தது. அப்போது பார்த்து போன், முதல்வர் அறைக்கு வரச்சொல்லி. "சுடலைமுத்து, நீ எந்திரிக்கக் கூடாது. எதையும் தொடக் கூடாது. கேட்டா கேட்டுட்டு நிக்கட்டும், நான் வந்து சொல்லுதேன்." "தொடமாட்டேன் மேடம், நீங்க போங்க." கோலைத் தட்டிக்கொண்டு இறங்குகிறேன், இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம். முதல்வர் கேட்டது ஒன்றே ஒன்று, எல்லாம் ரெடிதானே என்று. போனிலேயே கேட்டிருக்கலாம். ரெடி ஆகும் சார் என்றேன். "ஆகும்னா?" என்றார். ஆகும்னா ஆகும். திரும்ப இருபத்திரண்டு படி. கதவைத் திறந்ததும் முகச்சவரத் தைலத்தின் வாசனை. சுடலைமுத்துவிடம் இந்த வாசனை கிடையாது.

"வாங்க மேடம். அப்சர்வருக்கு டிபன் வாங்கச் சுடலைய அனுப்பியிருக்கேன். அதுவரைக்கும் நான் உக்காந்து பாத்துக்கிட்டேன். ஏதோ கேட்டு நின்னுச்சு, எஸ் குடுத்துட்டேன்." எஸ் குடுத்துட்டேன். ஞானசிகாமணி சாரின் குரலில் ஒரு திருப்தி, தெருவில் என் கையைப் பிடித்து நான் கடக்க நினைக்காத சாலையைக் கடத்திவிடுகிறவர்களிடம் இருக்கும் அதே திருப்தி. என்ன கேட்டது சார், எந்தக் கோப்பு? "அதெல்லாம் யாரு மேடம் படிக்கா? எஸ் குடுத்தாத்தான மேல போகும்." இந்தக் கண்ணுள்ளவர்கள் எல்லாரும் இப்படித்தான். படிக்கக் கண் இருக்கிறது, படிப்பதில்லை. எது கேட்டாலும் எஸ். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், எஸ், ஓகே. பார்க்காமல் எஸ் கொடுப்பதற்கு எதற்கு ஐயா கண்? எழுத்து எழுத்தாகக் கேட்டுக் கேட்டு முடிவெடுக்கிற நான் குருடி, இவர் பார்வையுள்ளவர். வாயில் வந்ததைச் சொல்லவில்லை. சரி சார், நான் பாத்துக்கிடுதேன் என்றேன். அவர் எழுந்தபோது நாற்காலி கிறீச்சிட்டது. சுடலைமுத்து மூச்சிரைக்க வந்தான். "போகச் சொன்னாவ மேடம், நான் என்ன செய்ய" என்றான். அவனை என்ன சொல்வது, அவனுக்கு அவர் அதிகாரி.

இனி காத்திருக்க வேண்டியதுதான், நடுவில் நிறுத்தினால் மொத்தமும் போய்விடும். எழுபது என்கிறான் சுடலைமுத்து. எழுபத்தொன்று. ஸ்கிரைப் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். நான் பி.ஏ. முழுக்க ஸ்கிரைப் வைத்துத்தான் எழுதினேன். ஒரு அக்கா வருவார்கள், பவுடர் வாசனை, பேனாவைக் கடிப்பார்கள். நான் ஒரு வாக்கியம் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள், அந்த யோசனை எனக்குக் கேட்கும். "இது வேண்டாம்மா, இப்படி எழுதுனா மார்க்கு வராது" என்று அவர்களே ஒன்றை எழுதுவார்கள், பேனா ஓடுகிற சத்தத்தை வைத்து நான் சொன்னதைவிட நீளமா குட்டையா என்று மட்டும் கண்டுபிடிக்கலாம். முதல் வகுப்பில் தேறினேன். வீட்டில் கேசரி கிண்டினார்கள். அந்த முதல் வகுப்பில் என் வாக்கியம் எத்தனை, அந்த அக்காவின் வாக்கியம் எத்தனை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. இசக்கிக்கும் முதல் வருடம் அதேதான். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், அவ பேனா நிக்கவே செய்யுது" என்று அழுதாள். அன்றைக்குத்தான் முதல் மனு எழுதினேன். எண்பத்தெட்டு. "எண்பத்தெட்டுலயே நிக்கு மேடம்." நிற்கட்டும். மணி பன்னிரண்டே கால். கொண்டுவந்த தயிர்சாதம் பையில் புளித்துக்கொண்டிருக்கிறது. எந்தக் கோப்பைப் பறிகொடுத்தோம் என்று தெரியாமல் எதைச் சாப்பிட.

ஒன்று பத்துக்கு முடிந்தது. மறுதொடக்கம் கொடுத்தேன். விசிறி அடங்கி, மறுபடி எழுந்து, அந்தச் சின்ன டிக் சத்தம் வந்து, இப்போது பேச வேண்டும், வணக்கம் என்று ஆரம்பிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது வரை எண்ணினேன். "என்ன மேடம் பேச மாட்டங்கு?" என்று சுடலைமுத்து கேட்டான். விழித்ததும் பேச ஆரம்பி என்கிற கோப்பு போய்விட்டது, அதுதான். பரவாயில்லை, அந்தக் கோப்பு எனக்கு மனப்பாடம், முப்பத்தொரு வரி. பேச்சில்லாத கறுப்புத் திரையில் உள்ளே நுழைந்து வரிவரியாக அடிக்கிறேன், சரியாக விழுகிறதா என்று சுடலைமுத்து எழுத்துக்கூட்டிச் சொல்கிறான், இருபதாவது வரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது, போடுகிறேன், முடிக்கிறேன், மறுபடி தொடக்கம், மறுபடி விசிறி, மறுபடி டிக். பேசவில்லை. மணி ஒன்று முப்பத்தைந்து. நாலு எட்டில் பக்கத்து அறைக்குப் போனேன், கோலைக்கூட எடுக்கவில்லை. சார், ஒரு தடவைதான கேட்டது? அவர் ஏதோ மென்றுகொண்டிருந்தார். விழுங்கினார். "ஒண்ணா ரெண்டான்னு ஞாபகம் இல்ல மேடம். மூணோ என்னமோ. வந்ததுக்கெல்லாம் எஸ் குடுத்தேன்." வந்ததற்கெல்லாம். மூன்றோ என்னமோ. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தியேவிட்டேன், "யாரக் கேட்டுக் குடுத்தீங்க?" என்று. ஒன்பது வருடத்தில் நான் இந்தக் கட்டடத்தில் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் உண்மையிலேயே புரியாமல், "உங்களுக்கு உதவித்தான மேடம் செஞ்சேன்?" என்றார்.

மற்றக் கோப்புகளின் நகல் பென்டிரைவில் இருக்கிறது. எவை எவை போயின என்று பார்த்து எடுத்துப் போட்டு இன்னொரு தடவை தொடங்க இருபது நிமிடம் போதும், இருபதே நிமிடம். ஆனால் அப்சர்வர் வந்துவிட்டார். ஒரு பெண், மெல்லிய குரல், வளையல் சத்தம். "ஒன்னே முக்காலுக்கு சீல் வைக்கணும் மேடம். அதுக்கப்புறம் கேண்டிடேட்டத் தவிர யாரும் சிஸ்டத்தத் தொடக்கூடாது." இருபது நிமிடம் தாருங்கள் என்றேன். ரூல் இல்லை மேடம் என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதையும் சொல்ல வேண்டும். குனிந்து பதிப்பு எண்ணை வாய்விட்டுப் படித்தார், புது வெர்ஷன்தான், ஓகே என்று டிக் அடித்தார். அது பேசுமா என்று கேட்க அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. பின்னால் வந்து நின்ற ஞானசிகாமணி சார், "எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு பிள்ளைய ஸ்கிரைப்புக்குச் சொல்லி வச்சிருக்கேன், வெளிய நிக்கிறா" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள், கடிதத்துக்குத் தோன்றவில்லை.

இசக்கி வந்தாள். செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே தெரியும், இடது செருப்பு எப்போதும் தூரப் போய் விழும். நடந்ததை அவளிடம் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் விரலை விசைப்பலகையின் மேல் ஓட்டினாள், அழுத்தாமல். "அடிச்சா எழுத்து விழுமாக்கா?" விழும், பேசத்தான் செய்யாது. நீ என்ன அடிச்சேன்னு ஒனக்கே கேக்காதுட்டி, மூணு மணி நேரம். "கேள்விய இவங்க படிச்சுச் சொல்லுவாங்கல்லா?" அப்சர்வர் சொல்லுவார். "அப்பம் போதும்." ஞானசிகாமணி சார் குறுக்கே வந்தார், "பாப்பா, கடைசி செமஸ்டர், ரிஸ்க் எடுக்காத. மேடம், நீங்களாவது சொல்லுங்க." எனக்கும் அதைத்தான் சொல்ல வாய் வந்தது. இன்றைக்கு மட்டும் ஸ்கிரைப் வைத்துக்கொள்ளடி, என் கண்ணில்லையா, என்று. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் நன்மைக்காக, அவளைக் கேட்காமல், அவளுக்காக நானும் ஒரு எஸ் கொடுக்கப் பார்த்தேன். தூ என்றிருந்தது. தப்பு விழுந்தா என்னட்டி செய்வே என்று மட்டும் கேட்டேன். "விழட்டும்க்கா. என் தப்பாத்தான விழும்."

சீல் வைப்பதற்கு முன்னாலேயே சுடலைமுத்து வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். அப்சர்வர் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன், கதவுக்கும் எனக்கும் நாலு அடி. உள்ளே முதல் கேள்வியைப் படிக்கிற மெல்லிய குரல், இரண்டு தடவை. பிறகு ஒன்றும் இல்லை. மணி அடித்து ஓய்ந்தது. எதிர்க் கட்டடத்தில் யாரோ நாற்காலி இழுத்தார்கள். அந்தப் பேரமைதியில் என் காது கதவில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு ஆரம்பித்தது. தட், தட்தட், இடைவெளி, நீளமான இடைவெளி, ஒரு வாக்கியத்தை மனசுக்குள் முழுசாகக் கட்டி முடித்துவிட்டு அடிக்கிறாள், ஒரே மூச்சில் அடிக்கிறாள், நிறுத்துகிறாள், மறுபடி கட்டுகிறாள். அந்த விசைப்பலகையின் ஒவ்வொரு விசையையும் எனக்குச் சத்தத்தில் தெரியும், இடைவெளி விசை கனத்து விழும், என்டர் கொஞ்சம் இழுக்கும், வலது மேல் மூலையில் இருக்கிற அழிக்கும் விசை மட்டும் உலர்ந்த குச்சி ஒடிகிற மாதிரி சொடுக்கும். ஒரு மணி நேரம் கேட்டேன். இரண்டாவது மணி நேரமும் கேட்டேன். எல்லா விசையும் விழுந்தது, அந்த ஒன்று விழவேயில்லை. கேட்காததை எப்படி அழிப்பாள்? ஒவ்வொரு எழுத்தும் அவள் விரல் வைத்தது வைத்தபடி, சரியோ தப்போ, யாரும் திருத்தாமல், பக்கம் பக்கமாக அவளுடையதாகவே போய்க்கொண்டிருந்தது.